குப்பிக்குள் முதல் மழை

கான்பூருக்கு வந்து பதினாறு வருஷமாச்சு. ஜூன் கடைசியில் முதல் மழை விழும்போது தங்கமணி ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, "அப்படியே நம்ம ஊரு வாசனை"ன்னு சொல்லாத வருஷமே கிடையாது. அந்த வாசனையைக் குப்பியில் அடைத்து விற்கிற ஊர் இங்கிருந்து சுமார் 80 கிலோமீட்டரில் இருக்கிறது. கன்னோஜ். 7-ஆம் நூற்றாண்டில் ஹர்ஷர் தலைநகராக வைத்திருந்தாரே, அதே ஊர்தான்.

மிட்டி அத்தர் என்று பெயர். முதல் தடவை வாங்கினபோது நன்றாக ஏமாந்தேன். இங்கே ஒரு கடையில் மலிவாகக் கொடுத்தார்கள். அரை மணி நேரத்தில் மண்ணும் இல்லை, வாசனையும் இல்லை. கையில் எண்ணெய்ப் பிசுக்கு மட்டும்தான். காரணம் கன்னோஜ் போய்ப் பார்த்தபிறகுதான் விளங்கியது.

களிமண்ணைச் சூளையில் சுட்டு, 'தேக்' எனும் செப்பு அண்டாவில் தண்ணீரோடு போடுகிறார்கள். மூடியைச் சேற்றால் பூசி அடைத்து, அடியில் தீ மூட்டுகிறார்கள். ஆவி மூங்கில் குழாய் வழியே 'பப்கா' எனும் பாத்திரத்துக்குப் போகிறது. அது தண்ணீர்த் தொட்டியில் அமிழ்ந்திருப்பதால் ஆவி குளிர்ந்துவிடும். பப்காவுக்குள் முன்பே என்ன ஊற்றி வைத்திருப்பார்கள் தெரியுமா? சந்தன எண்ணெய்! மண் வாசனையைப் பிடித்து வைத்துக்கொள்வது அதுதான்.

சந்தனத்துக்குப் பேர் போனது மைசூர்ப் பக்கமும் நம்ம ஜவ்வாது மலையும். தமிழ்நாட்டில் 2002 வரை சொந்த நிலத்தில் முளைத்த சந்தன மரம்கூட அரசாங்கத்துக்குத்தான் சொந்தம். பிறகு யார் நட்டு வளர்ப்பார்கள்? திருட்டு வெட்டு வேறு. மரம் குறைந்து விலை ஏற ஏற, கன்னோஜில் பலரும் திரவ பாரஃபினுக்கு மாறிவிட்டார்கள். நான் முதலில் வாங்கியதும் அந்த ஜாதிதான் போல.

1964-இல் பேர், தாமஸ் என்ற இரண்டு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இந்த வாசனைக்கு 'பெட்ரிகோர்' என்று பெயர் வைத்தார்கள். உத்தரப் பிரதேசத்தில் இதை அத்தராகவே வடிக்கிறார்கள் என்று அந்தக் கட்டுரையிலேயே எழுதியிருக்கிறார்கள். பெயர்தான் புதுசு, சரக்கு பழசு!

அசல் சரக்கு எப்படி இருக்கும்? தடவியதும் சட்டென்று ஈரம், கொஞ்சம் புழுதி. பூ வாசனை, இனிப்பு எதுவும் கிடையாது. ஒரு மணி நேரம் கழித்து மண் மெல்ல அடங்கி, சந்தனம் மேலே வரும். பக்கத்து சீட்டுக்காரருக்குத் தெரியாது, நமக்கு மட்டும் தெரியும். ஆபீஸுக்கு தினமும் மணிக்கட்டில் ஒரு சொட்டு போட்டுக்கொள்கிறேன்.

திண்டுக்கல்லில் இருக்கும் அம்மாவுக்கும் ஒரு குப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். முகர்ந்துவிட்டுச் சொன்னார்: "புதுப்பானையில தண்ணி ஊத்தின மாதிரி இருக்குடா. இதுக்குப் போயா காசு குடுத்த?"