கடலுக்குப் போகும் காவிரி வீணா?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தால் போதும், "இவ்வளவு தண்ணீரும் வீணாகக் கடலுக்குப் போகிறதே" என்று நம் குழுக்களில் வீடியோக்கள் வந்துவிடும். ஆதங்கம் நியாயமானதுதான். 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடத்து மதகுகள் உடைந்தபோது வயிறு எரியாத விவசாயி யார்? ஆனால் அந்த "வீண்" என்ற சொல்லைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நம் டெல்டாவின் வரலாறே தண்ணீரைக் கொள்ளிடத்துக்கு விடாமல் காவிரிக்குத் திருப்பிய வரலாறு. கரிகாலன் பெயர் சொல்லும் கல்லணை அதற்காகத்தான் நிற்கிறது. பிற்காலத்தில் காவிரி மணல் மேடிட்டு, தண்ணீர் தாழ்வான கொள்ளிடத்துக்கே ஓடியது. 1836-இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணை கட்டி அதைச் சரிசெய்தார். 1934-இல் மேட்டூர் அணை முடிந்தது. இவையெல்லாம் இல்லாவிட்டால் நம் ஊரில் பிரியும் குடமுருட்டியில் தண்ணீர் ஏது, நடவு ஏது?

இனி கடலின் பக்கத்துக் கணக்கையும் பார்ப்போம்.

முதலாவது மழை. ஆடிப்பெருக்குக்கு வரும் தண்ணீர், அரபிக்கடலின் ஈரம் குடகு மலையில் மோதிப் பெய்தது. ஐப்பசி அடைமழை வங்கக்கடல் தருவது. ஆற்றுக்குத் தண்ணீர் கொடுப்பதே கடல்தான்.

இரண்டாவது மண். ஆறு கடலை நெருங்கும்போது வேகம் குறைந்து வண்டலை இறக்கிவைக்கும். பல்லாயிரம் ஆண்டுகள் அப்படிச் சேர்ந்ததுதான் நாம் உழுகிற நிலம். இன்று வண்டலில் பெரும்பகுதி அணைகளிலேயே தங்கிவிடுகிறது. அலை அரிக்கிற கரைக்குப் புது மணல் போய்ச் சேர்வது குறைகிறது. சோழர் துறைமுகமாக இருந்த பூம்புகாரில் காவிரி இன்று எவ்வளவு சிறிய வாய்க்காலாகக் கடலைச் சேர்கிறது என்று போனவர்களுக்குத் தெரியும்.

மூன்றாவது உப்பு. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. கரையோரத்தில் நிலத்தடி நன்னீர்தான் அதை உள்ளே வரவிடாமல் தள்ளி நிறுத்துகிறது. ஆற்றில் நீர்வரத்து குறைந்து, போர்வெல்லில் அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு உள்ளே நுழைந்துவிடும். கடைமடையில் சம்பந்தம் செய்தவர்கள் அங்கே கிணற்றுத் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று சம்பந்தி வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

நான்காவது உயிர்கள். நன்னீரும் உப்புநீரும் கலக்கும் இடம் முகத்துவாரம். பலவகை இறால் கடலில் முட்டையிட்டாலும், குஞ்சுகள் இங்கே வந்துதான் வளர்கின்றன. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள பிச்சாவரம் அலையாத்திக் காடும், தெற்கே முத்துப்பேட்டைக் காடும் இந்தக் கலப்பில்தான் பிழைக்கின்றன. இவற்றைப் படிக்கவே பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையம் இருக்கிறது. பழையாறு மீனவருக்கு நம் கொள்ளிடத்து வெள்ளம் வீண் இல்லை.

அதனால் தடுப்பணை வேண்டாம் என்று சொல்கிறேன் என நினைக்காதீர்கள். ஏரி குளங்களைத் தூர்வாரி நிரப்புவோம், பாசனத்துக்குச் சேமிப்போம். ஆனால் ஒரு சொட்டும் கடலுக்குப் போகக்கூடாது என்பது நம் கடைமடைக்கே நாம் செய்யும் கேடு. நமக்குக் கீழேயும் ஊர்கள் இருக்கின்றன. மேலே இருப்பவர்களிடம் நாம் கேட்கும் நியாயத்தைக் கீழே இருப்பவர்களுக்கும் கொடுக்க வேண்டாமா?

நாகை, வேதாரண்யம் பக்கம் இருக்கும் பிள்ளைகள் உங்கள் ஊர் நிலவரத்தைக் கீழே எழுதுங்கள். எல்லோரும் நலமாக இருங்கள்.