மருதனார்மடத்தில் ஒரு வாடகை வீடு: முதலில் எதை வாங்குவது, எதைக் கடனில் வாங்காமல் விடுவது

காங்கேசன்துறை வீதியில் யாழ். நகருக்கும் சுன்னாகத்துக்கும் இடையில் இருக்கிறது மருதனார்மடம். பெரிய மரக்கறிச் சந்தை, 1913 இல் சேர். பொன். இராமநாதன் தொடங்கிய பெண்கள் கல்லூரி, யாழ். பல்கலைக்கழகத்தின் இசையும் நடனமும் சித்திரமும் படிப்பிக்கும் பிரிவு எல்லாம் இந்தச் சந்தியைச் சுற்றித்தான். அதனால் இங்கே வாடகைக்கு வீடு தேடுவோர் எப்போதும் இருப்பார்கள். மட்டக்களப்பிலும் மலையகத்திலும் இருந்து படிக்க வரும் பிள்ளைகள், இடமாற்றத்தில் வரும் அரச ஊழியர்கள், வன்னியிலிருந்து பிள்ளைகளின் படிப்புக்காக வந்த குடும்பங்கள், சொந்தக் காணி இருந்தும் அங்கே போக முடியாமல் 1990 இலிருந்து வாடகையிலேயே காலம் தள்ளும் வலிகாமம் வடக்கு ஆட்கள் என்று பலதரப்பட்டவர்கள்.

நாங்கள் கடைசியாகச் சொன்ன வகை. அம்மா, தம்பி, நான். ஒரு பெரிய வீட்டின் பக்கத்தில் இறக்கிய இரண்டு அறை அனெக்ஸில் இருக்கிறோம். 1990 இல் வெளிக்கிட்டதிலிருந்து இது எங்களுக்கு எட்டாவது வீடு. நடுவில் செட்டிகுளம் முகாமின் கூடாரத்தையும் சேர்த்தால் ஒன்பது. வெறும் அறையைக் குடியிருக்கும் வீடாக்குவது எப்படி என்று புதிதாக வருகிறவர்கள் எங்களிடம் கேட்பதுண்டு. அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மீள்குடியேற்றக் காலத்தில் நிறுவனங்கள் தந்த பொதியைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். பாய், படுக்கை விரிப்பு, நுளம்பு வலை, சமையல் பாத்திரங்கள், வாளி, தண்ணீர்க் கான். ஐ.நா. அகதிகள் நிறுவனம் வன்னிக்குத் திரும்பிய குடும்பத்துக்கு 25,000 ரூபா தங்குமிட உதவியும் கொடுத்தது. அந்தப் பொதியை வாங்க வரிசையில் நின்றது யாருக்கும் இனிய நினைவு இல்லை. ஆனால் ஒரு வீடு இயங்க உண்மையில் என்ன வேண்டும் என்ற பட்டியலை அதைவிடச் சரியாக யாரும் போட்டதில்லை. படுக்க, சமைக்க, தண்ணீர் வைக்க, நுளம்பு கடிக்காமல் இருக்க. இவை நான்கும் முதல் கிழமைக்குள் வேண்டும். மற்றதெல்லாம் பிறகு.

வாங்குவதற்கு முன்

வீட்டு உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தால், அநேகமாக ஒரு அறை பூட்டியிருக்கும். அதற்குள் கட்டில், மேசை, பழைய அலுமாரி எல்லாம் தூசி படிந்து கிடக்கும். பாவிக்கலாமா என்று கேளுங்கள். கேட்க வெட்கப்பட்டு, கடையில் காசைக் கொட்டியவர்களை எனக்குத் தெரியும். சம்மதித்தால் என்னென்ன பொருள், எந்த நிலையில் என்று தாளில் எழுதி இரண்டு பக்கமும் கையொப்பம் வையுங்கள். கைபேசியில் படமும் எடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். பூட்டிக் கிடக்கும் மரத்தைக் கறையான்தான் தின்னும். அதனால் சம்மதிக்கிறவர்கள்தான் கூட.

அளவுநாடா ஒன்றை எடுத்துப் போங்கள். அனெக்ஸ் அறைகள் பெரும்பாலும் பத்தடிக்குப் பத்தடி அளவில்தான் இருக்கும். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, யன்னல் எங்கே, மின் இணைப்பு எந்தச் சுவரில் என்று குறியுங்கள். கதவுநிலையின் அகலம் முக்கியம். ஒரு துண்டாகச் செய்த அலுமாரி வாசலால் போகாமல் முற்றத்தில் நிற்கும் காட்சி இந்த ஒழுங்கைகளில் புதிதல்ல.

வைகாசியிலிருந்து சோளகம் பலமாக அடிக்கும். தென்மேற்குப் பக்கம் யன்னல் இருந்தால் அதை மறைத்து அலுமாரி வைக்காதீர்கள். அந்தக் காற்று மின்விசிறியின் பாதி வேலையைச் செய்யும்.

படுக்கை

இதில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்பது என் கருத்து. சிமெந்துத் தரையில் பாய் போட்டுப் படுத்தால் மாரியில் ஈரம் ஏறும். முதுகிலும் காலிலும் காயம் பட்டவர்கள், இன்னும் உடலில் சன்னத் துண்டோடு இருப்பவர்கள் எங்கள் வீடுகளில் உண்டு. நிலத்தில் இருந்து எழும்புவது அவர்களுக்குப் பெரும்பாடு. வயதானவருக்கும் காயப்பட்டவருக்கும் முதல் கட்டில்.

ஆறடிக்கு மூன்றடி ஒற்றைக் கட்டில் சின்ன அறைக்குப் பொருந்தும். இருவருக்கு ஐந்தடி அகலக் கட்டிலைவிட இரண்டு ஒற்றைக் கட்டில் நல்லது. சேர்த்தும் போடலாம், பிரித்தும் போடலாம், வீடு மாறினால் தனித்தனியாகத் தூக்கலாம். மரையாணி போட்டுக் கழற்றக்கூடியதாக இருக்கவேண்டும். ஆணியடித்த கட்டிலை இரண்டு முறை கழற்றினால் பிறகு ஆடத் தொடங்கும்.

மரம் தெரிவு செய்யும்போது தேக்குக்கு ஆசைப்படத் தேவையில்லை. எங்கள் பகுதித் தச்சர்கள் வேம்பில் நல்ல கட்டில் செய்வார்கள். வேம்பைப் பூச்சி எளிதில் அண்டாது. ஆனால் நன்றாகக் காய்ந்த மரமா என்று கேளுங்கள். ஈர மரத்தில் செய்த கட்டில் ஒரு வெயில் காலத்தில் முறுகிவிடும். பலகை பாரமாகவும், வெட்டிய முனை குளிர்ந்தும் இருந்தால் அது இன்னும் காயவில்லை. முற்பணத்தை முழுதாகக் கொடுக்காமல் பாதியைக் கையில் வைத்திருங்கள். கட்டில் கால்களுக்குக் கீழே தகர மூடியோ றப்பரோ வைத்தால் ஈரமும் கறையானும் ஏறாது.

பனையோலைப் பாயை நான் குறைத்துச் சொல்லவில்லை. கட்டிலில் மெத்தைக்குப் பதிலாகப் பாயும் மேலே மடித்த துணியும் போட்டால் வெயில் காலத்துக்கு அதைவிடச் சுகம் வேறில்லை.

குசினி

2022 இல் காஸுக்கு நின்ற வரிசைகளுக்குப் பிறகு ஒரே அடுப்பை மட்டும் நம்புவது புத்தியல்ல. இரட்டைக் காஸ் அடுப்பு ஒன்று. அதோடு விறகோ மண்ணெண்ணெயோ எரிக்க வெளியில் ஒரு சின்ன அடுப்பு. இரண்டு மூன்று பேருக்கு 12.5 கிலோ சிலிண்டர் வாங்கக் காசு இல்லாவிட்டால் 5 கிலோவில் தொடங்கலாம்.

மற்றது நாங்கள் எல்லோரும் அறிந்ததுதான். திருவலை, சுளகு, நீத்துப்பெட்டி, இடியப்ப உரல், இரண்டு மண்சட்டி, ஒரு சோற்றுப்பானை. பாத்திரம் அடுக்கக் கடைத் தட்டு வேண்டியதில்லை. பழைய வீடு உடைக்கும் இடங்களில் பனஞ்சலாகை கிடைக்கும். நான்கு சலாகையும் இரண்டு பலகையும் இருந்தால் தச்சர் ஒரு நாளில் தட்டு அடித்துவிடுவார். பழக்கடைகளில் கழிக்கும் மரப்பெட்டிகளைக் கழுவி வெயிலில் காயவைத்து ஒன்றன்மேல் ஒன்று வைத்தாலும் போதும். எங்கள் குசினியில் இப்போதும் அப்படித்தான். வெங்காயமும் உருளைக்கிழங்கும் காற்றோட்டமாக இருப்பதால் பழுதாவது குறைவு.

தண்ணீருக்கு மூடியுள்ள பாத்திரம் இரண்டு வேண்டும். வலிகாமத்துக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம்; மின்கேத்தில் சில மாதங்களில் வெள்ளை படிந்து பழுதாகும். அலுமினியக் கேத்தில் என்றால் தேசிக்காய்ப் புளியும் தண்ணீரும் விட்டுக் கொதிக்க வைத்துத் தேய்க்கலாம். சுன்னாகம் மின் நிலையத்துக் கழிவு எண்ணெய் கிணறுகளில் கலந்த விவகாரத்துக்குப் பிறகு, வீடு பார்க்கும்போதே கிணற்றுத் தண்ணீரை ஒரு கண்ணாடிப் போத்தலில் எடுத்து மணந்து பார்ப்பது இங்கே பழக்கமாகிவிட்டது. நல்ல பழக்கம்.

அலுமாரியும் றங்குப்பெட்டியும்

கடைகளில் மினுங்கும் அலுமாரிகளில் பெரும்பாலானவை மரத்தூளை ஒட்டி அழுத்திய பலகை. விலை குறைவு, பார்க்க அழகு. ஆனால் மாரி ஈரத்தில் அடிப்பக்கம் ஊதும். ஒருமுறை கழற்றினால் மரையாணி மறுபடி பிடிக்காது. ஒரே வீட்டில் நிலையாக இருப்பவர்களுக்கு அது பரவாயில்லை. வாடகை வீட்டுக்காரருக்கு இரண்டாவது மாறலோடு முடிந்துவிடும். இரும்பு அலுமாரி பாரம் என்றாலும் பல வீடு தாங்கும். கறள் பிடித்த பழையதை வாங்கி, மணல்தாள் போட்டுத் தேய்த்துப் பெயின்ற் அடித்தால் புதியதுபோல் இருக்கும்.

அம்மா அலுமாரியில் உடுப்பு வைப்பதில்லை. அவருக்கு றங்குப்பெட்டிதான். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், காணாமல் போன மாமாவின் படம் எல்லாம் அதற்குள். 'இதென்றால் தூக்கிக்கொண்டு வெளிக்கிடலாம்' என்பார். முன்பு இதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். சண்டை முடிந்து இத்தனை வருடம் என்று வாதாடுவேன். இப்போது வாதாடுவதில்லை. உண்மையில் றங்குப்பெட்டி நல்ல தளபாடம்: மெத்தை விரிப்பு போட்டால் வாங்கு, சுவரோரம் வைத்தால் மேசை, உள்ளே ஈரமும் எலியும் புகாது.

பழைய பொருளும் ஒரு பழைய கேள்வியும்

பழைய மரத் தளபாடம் வாங்கச் சொல்லும்போது எங்கள் ஆட்களில் சிலர் தயங்குவார்கள். காரணம் உண்டு. 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமமே ஒரே இரவில் வெளிக்கிட்டது. சைக்கிள் கரியரில் ஏறியதுதான் சொத்து. இணுவிலில் இருந்த எங்கள் பெரியம்மா 1996 இல் திரும்பி வந்தபோது வீட்டில் கதவுகூட இருக்கவில்லை. பிறகு ஒரு நாள், தெரிந்தவர் வீட்டு விறாந்தையில் தங்கள் சாய்மனைக் கதிரையைக் கண்டார். கைப்பிடியில் பெரியப்பாவின் சுருட்டு சுட்ட அடையாளம் இருந்தது. கேட்கவில்லை. அவர்களும் யாரிடமோ காசு கொடுத்து வாங்கியவர்கள்தான். 2002 இல் ஏ9 பாதை திறந்தபின் தெற்கிலிருந்து வந்த வியாபாரிகள் எஞ்சியிருந்த பழைய கட்டில்களையும் கதிரைகளையும் சொற்ப விலைக்கு ஏற்றிப் போனதும் நடந்தது.

இன்று விற்பனைக்கு வருவது பெரும்பாலும் வேறு வகை. வெளிநாடு போகும் குடும்பம், இடமாற்றம் பெற்ற ஊழியர், படிப்பு முடித்துப் போகும் மாணவர்கள். விற்பவரின் வீட்டுக்கே போய், அவர் கையாலேயே வாங்குங்கள். எங்கிருந்து வந்தது என்று தெரிந்த பொருளோடு நிம்மதியாக இருக்கலாம். பல்கலைக்கழகத்தில் ஒரு பிரிவினர் படிப்பு முடித்துப் போகும் கிழமைகளில் மேசை, கதிரை, மின்விசிறி எல்லாம் பாதி விலைக்கும் கீழே போகும். உளுத்ததா என்று பார்க்கக் கால்களின் அடிப்பக்கத்தைத் தட்டுங்கள். நுண்ணிய மாவு கொட்டினால் விட்டுவிடுங்கள்.

கடன்

இந்தக் கட்டுரையை எழுத வந்ததே இதற்காகத்தான். போருக்குப் பிறகு வந்த வீட்டுத்திட்டங்களின் பணம் சுவருக்கும் கூரைக்கும்தான். இந்திய வீட்டுத்திட்டத்தின் 550,000 ரூபாவும் பல குடும்பங்களுக்கு அதற்கே காணவில்லை. வெறும் வீட்டுக்குள் கட்டிலும் குளிர்சாதனப் பெட்டியும் தொலைக்காட்சியும் வந்தது தவணைக் கடனில். அந்தத் தவணையைக் கட்ட நுண்கடன், நுண்கடனைக் கட்ட இன்னொரு நுண்கடன். 2018 இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கமே தள்ளுபடி செய்ய முன்வரும் அளவுக்கு அது முற்றியது. எங்கள் ஒழுங்கையில் ஒரு அக்கா, தவணைக்காரர் வரும் நாளில் பிள்ளையை வாசலில் நிறுத்திவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விடுவார். அவர் வாங்கியது ஒரு சோபா செற்.

கணக்கைப் பாருங்கள். 60,000 ரூபாப் பொருள், ஆண்டு வட்டி 20 வீதம், இரண்டு வருடம் என்று கடையில் சொல்கிறார்கள். வட்டி 24,000. மொத்தம் 84,000, மாதம் 3,500. கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் நீங்கள் மாதாமாதம் முதலையும் சேர்த்துத்தானே கட்டுகிறீர்கள்? ஒரு வருடம் முடிய முதலில் பாதியளவு கட்டி முடித்திருப்பீர்கள். வட்டியோ கடைசி மாதம் வரை முழு 60,000 ரூபாவுக்கும் போடப்படுகிறது. குறைந்துவரும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால் உண்மையான ஆண்டு வட்டி ஏறத்தாழ 35 வீதம். ஆகவே 'வட்டி எத்தனை வீதம்' என்று மட்டும் கேட்காதீர்கள். 'முழுத் தொகைக்கா, மீதிக்கா?' என்று கேளுங்கள். அதோடு பிந்தினால் எவ்வளவு, முந்திக் கட்டினால் குறைப்பார்களா, காப்புறுதி என்று வேறு ஏதும் சேர்க்கிறார்களா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். விளங்காத மொழியில் உள்ள தாளில் கையொப்பம் வைக்க வேண்டாம்.

இதைவிடச் சீட்டு நல்லது. பத்துப் பேர் மாதம் 5,000 போட்டால் ஒருவர் கையில் 50,000. ஏலச்சீட்டில் முந்தி எடுத்தால் கழிவு போகும். குலுக்குச் சீட்டில் அதுவும் இல்லை. சீட்டைப் பிடிப்பவர் நெடுநாள் தெரிந்தவராக, ஊரைவிட்டுப் போகாதவராக இருக்கவேண்டும். தெரியாதவர் நடத்தும் பெரிய சீட்டில் காசைத் தொலைத்தவர்கள் பலர்.

மின்சாரம்

2022 ஓகஸ்ற்றிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் ஏறிய பிறகு, பொருளின் விலையை மட்டும் பார்த்து எதையும் வாங்க முடியாது. 30, 60, 90 அலகு என்று படிகள் உண்டு. படி தாண்டினால் நிலைக் கட்டணமும் கூடும். 70 வாற்று மின்விசிறி நாளுக்குப் பத்து மணித்தியாலம் ஓடினால் மாதம் 21 அலகு. 30 வாற்று அளவிலான புதிய வகை மின்விசிறி 9 அலகுதான். விலை கூட, ஆனால் நாளடைவில் ஈடாகும். சிறிய குளிர்சாதனப் பெட்டி மாதம் 30 அலகு அளவில் இழுக்கும். சந்தை நடைதூரத்தில் இருக்கிற மருதனார்மடத்தில் அது முதல் வருடம் தேவையில்லை. இன்சுலின் வைக்க வேண்டியவர் வீட்டில் இருந்தால் மட்டும் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டாம். அதை முதலிலேயே வாங்குங்கள். அனெக்ஸுக்குத் தனி மின்மானி உண்டா, இல்லையென்றால் கட்டணம் எப்படிப் பிரிப்பது என்று வாடகை பேசும்போதே முடிவெடுங்கள்.

கதிரைகள் கடைசி. நான்கு பிளாஸ்ரிக் கதிரை போதும், ஒன்றுக்குள் ஒன்று அடுக்கலாம். பிள்ளை படிக்க ஒரு மரக்கதிரையும் மேசையும் வேண்டும். யன்னல் வெளிச்சம் இடப்பக்கமாக விழும்படி போடுங்கள். ஆட்கள் கூட வந்தால் பாய் விரிக்கலாம். அந்தியேட்டி, பிறந்தநாள் என்றால் பக்கத்துச் சனசமூக நிலையத்தில் கதிரை எடுக்கலாம். முதல்நாளே சொல்லி வைக்கவேண்டும், சித்திரை, ஆவணி முகூர்த்த நாட்களில் கிடைப்பது கடினம். நாங்கள் இங்கே வந்தபோது எங்கள் பொருட்கள் எல்லாம் ஒரு பட்டா வாகனத்தில் ஏறின. இப்போது ஏற்றினால் ஒன்றரைப் பட்டா வரும். கூடிய அரைப் பங்கில் பாதி தம்பியின் புத்தகங்கள், ஒன்று அம்மாவின் கட்டில்.