மொழித்திறன் தேர்வு வினாக்களின் வரலாறு

மொழித்திறன் தேர்வு என்பது, ஒருவர் எந்தப் பாடத்திட்டத்தில் படித்தார் என்று பாராமல், ஒரு மொழியை அவர் எந்த அளவுக்குக் கையாள்கிறார் என்பதை அளக்கும் தேர்வாகும். உயர்கல்வி, வேலை, குடியேற்றம் ஆகியவற்றுக்கு இதன் மதிப்பெண் கேட்கப்படுகிறது. எனவே ஒரு வினா உண்மையில் எதை அளக்கிறது என்பது தேர்வரின் எதிர்காலத்தோடு தொடர்புடையது. இருபதாம் நூற்றாண்டில் ஆங்கிலத் தேர்வுகளின் வினாக்கள் இக்கேள்வியை ஒட்டியே மாறிவந்தன.

1913 தேர்வு

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்கான ஆங்கிலப் புலமைச் சான்றிதழ்த் தேர்வைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தேர்வுக்குழு 1913 இல் தொடங்கியது. மொத்தம் 12 மணி நேரம். பிரெஞ்சு அல்லது ஜெர்மனுக்கும் ஆங்கிலத்துக்கும் இடையே மொழிபெயர்ப்பு, இலக்கணம், கட்டுரை, இலக்கியம், ஒலியியல், சொல்வதை எழுதுதல், வாசிப்பு, உரையாடல் என அது நீண்டது. கட்டுரைத் தலைப்புகளில் 1857 இந்தியக் கிளர்ச்சி, எலிசபெத் காலக் கடற்பயணங்கள், மாத்யூ ஆர்னால்டு போன்றவை இருந்தன. தேர்வெழுதியவர்கள் மூவர், ஒருவரும் தேறவில்லை.

இத்தலைப்புகள் மொழியை விட வாசிப்பையும் வரலாற்று அறிவையுமே சோதித்தன. ஆர்னால்டைப் படித்திராத ஆங்கிலேயர் ஒருவரும் இங்கே திணறியிருப்பார். 1930களில் ஒலியியல் தாள் கைவிடப்பட்டது.

பல்விடைத் தெரிவு

அதே காலத்தில் அமெரிக்காவில் வேறொரு சிக்கல் பேசப்பட்டது. ஒரே ஆங்கில விடைத்தாளைப் பல ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தபோது மதிப்பெண்கள் 30க்கும் மேல் வேறுபட்டதை ஸ்டார்ச், எலியட் ஆகியோர் 1912 இல் காட்டினர். சில ஆண்டுகளில் கான்சாசைச் சேர்ந்த பிரெடரிக் கெல்லி, யார் திருத்தினாலும் ஒரே மதிப்பெண் வரும் வாசிப்புத் தேர்வை உருவாக்கினார். நான்கு விலங்குகளின் பெயரைத் தந்து, பண்ணைக்குப் பயன்படுவதை வட்டமிடச் சொன்னது அதன் வினாக்களில் ஒன்று.

மொழித் தேர்வில் இம்முறைக்கு முழு வடிவம் தந்தவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ராபர்ட் லாடோ. அவரது நூல் 1961 இல் வெளிவந்தது. தேர்வரின் தாய்மொழி எங்கே ஆங்கிலத்திலிருந்து விலகுகிறதோ அங்கேதான் வினா அமைய வேண்டும் என்பது அவர் கருத்து. கப்பலைக் குறிக்கும் 'ஷிப்', செம்மறியாட்டைக் குறிக்கும் 'ஷீப்' இரண்டும் ஸ்பானியர் காதுக்கு ஒன்றுபோல் கேட்கும். குறில் நெடில் அறிந்த தமிழருக்கு இது வினாவே அல்ல. மாறாக, குண்டூசி, குப்பைத்தொட்டி என்னும் பொருள் தரும் இரண்டு ஆங்கிலச் சொற்களையும் தமிழ் எழுத்தில் 'பின்' என்றே எழுத முடியும். தமிழருக்குச் சோதனை அங்கேதான். ஒருவருக்கு நல்ல வினா இன்னொருவருக்கு வீண் வினாவாகலாம்.

தவறான விடைகளை அமைப்பதுதான் இம்முறையில் கடினமான வேலை. அவை, மொழி தெரியாதவருக்கு நம்பத்தக்கவையாகவும் தெரிந்தவருக்குத் தவறென்று ஐயமின்றித் தெரிபவையாகவும் இருக்க வேண்டும். காந்தி பற்றிய பத்தியைக் கொடுத்துவிட்டு அவர் பிறந்த ஊரைக் கேட்டால், பத்தியைப் படிக்காமலே போர்பந்தர் என்று எழுதிவிடலாம். இத்தகைய குறைகளைக் கண்டறிய வினாக்கள் முன்கூட்டியே சிலரிடம் சோதிக்கப்படுகின்றன. மொத்தத்தில் நிறைய மதிப்பெண் பெற்றவர்கள் தவறவிட்டு, குறைவாகப் பெற்றவர்கள் சரியாகச் செய்திருந்தால் அந்த வினா நீக்கப்படும் அல்லது திருத்தப்படும்.

முழுமையை நோக்கி

ஒலி, சொல், இலக்கணம் எனத் துண்டு துண்டாகச் சோதிப்பது போதாது என்று உளவியலாளர் ஜான் கரோல் 1961 இல் வாதிட்டார். உரைநடையின் எளிமையை அளக்க வில்சன் டெய்லர் 1953 இல் உருவாக்கிய, குறிப்பிட்ட இடைவெளியில் சொற்களை நீக்கி நிரப்பச் செய்யும் முறை, பின்னர் மொழித் தேர்வுக்கும் வந்தது. 1964 இல் பல்விடை வினாக்களோடு தொடங்கிய டோஃபல் தேர்வின் 2005 இணைய வடிவத்தில், பேசுவதும் எழுதுவதும் கட்டாயப் பகுதிகளாக இருந்தன. அதில் சில வினாக்களுக்கு, பத்தியைப் படித்து, உரையைக் கேட்டு, இரண்டையும் இணைத்துத் தேர்வர் விடை தர வேண்டியிருந்தது.