பாலடினின் குணமாக்கும் கை

பாலடின் என்பவன் கற்பனை உலக விளையாட்டுகளில் வரும் புனிதப் போர்வீரன். காயம்பட்டவர்மேல் கை வைத்தே தேற்றும் ஆற்றல் இவனது தனி அடையாளம். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டுக்கு கேரி கைகாக்ஸும் ராபர்ட் குன்ட்ஸும் 1975இல் எழுதிய 'கிரேஹாக்' துணைநூலில் இவ்வாற்றல் இடம்பெற்றது. 1978இல் வந்த விதிநூலில் அதன் அளவு: நாளுக்கு ஒருமுறை, வீரனின் ஒவ்வொரு நிலைக்கும் இரண்டு உயிர்ப்புள்ளிகள்.

பாலடின் என்ற பெயர் பேரரசர் சார்லமேனின் பன்னிரு வீரர்களுடையது. ஆற்றல் அவர்களிடமிருந்து வரவில்லை. பழைய பிரெஞ்சுக் காவியத்தில் அவ்வீரர்களில் ஒருவனான ரோலண்ட், பேராயர் டர்பினின் காயங்களில் துணியைக் கிழித்து அடைக்கிறான். மயங்கிக் கிடக்கும் ரோலண்டுக்குத் தண்ணீர் கொண்டுவரப் போன டர்பின் வழியிலேயே விழுந்து இறக்கிறார். 12ஆம் நூற்றாண்டின் 'ஃபியராப்ரா' காவியத்தில் புண்ணை ஆற்றும் தைலம் உண்டு. ஆனால் அதை வைத்திருப்பவன் எதிரணியின் சாரசன் வீரன். வாளையும் குதிரையையும் ஒழுங்குக்கும் குழப்பத்துக்குமான போரையும் விளையாட்டுக்குத் தந்தது, எழுத்தாளர் போல் ஆண்டர்சனின் 'மூன்று இதயங்களும் மூன்று சிங்கங்களும்' நாவல்.

குணமாக்கும் கைக்கு வேறு மரபு இருந்தது. மாற்கு நற்செய்தியின் முடிவில், விசுவாசிகள் கை வைக்க நோயாளிகள் குணமாவார்கள் என்ற வாக்குறுதி வருகிறது. பிரான்ஸ், இங்கிலாந்து மன்னர்கள் கண்டமாலை நோயாளிகளைத் தொட்டுக் குணமாக்குவதாக மக்கள் பல நூற்றாண்டுகள் நம்பினர். பின்னாளில் அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சனை, அவர் குழந்தையாக இருந்த 1712இல், அரசி ஆன் தொட்டார்; நோய் தீரவில்லை.

இந்த நம்பிக்கை போர்வீரனிடம் வந்துசேரும் மிக அழகான இடம், 1485இல் அச்சேறிய மாலரியின் ஆர்தர் கதை. சாபத்தால் ஆறாத புண்களோடு வரும் ஹங்கேரி வீரன் அர்ரியை ஆர்தரும் மற்ற வீரர்களும் தொட்டும் பயனில்லை. லான்சலாட் தொட்டதும் புண்கள் மூடுகின்றன. அவனோ அடிபட்ட பிள்ளைபோல் அழுகிறான். ஆர்தரின் அரசியோடு அவனுக்கிருந்த உறவை அறிந்த வாசகருக்கு அந்த அழுகையின் காரணம் புரியும். விளையாட்டு இந்தச் சிக்கலைக் கைவிட்டது: 1978 விதிப்படி, தெரிந்தே தீமை செய்த பாலடின் நிரந்தரமாகத் தன் நிலையை இழக்கிறான். கதையின் பெரிய இழப்பு அதுவே.

டோல்கீனின் ஆரகார்னும் (1955) குணமாக்கும் கைகளாலேயே மன்னனாக அறியப்படுகிறான். கணினி விளையாட்டுகளில் 'ஃபைனல் ஃபேன்டசி 4' (1991) நாயகன் செசில், இருள் வீரன் நிலையைத் துறந்து பாலடினான பிறகே குணமாக்கும் மந்திரம் பெறுகிறான். 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' 2004இல் வெளியானபோது, அதில் பாலடின் கை வைத்துத் தன் முழு உயிரளவுக்கு ஈடாகத் தோழனைத் தேற்ற முடிந்தது; அதற்கு விலையாக மிச்சமிருந்த மந்திர சக்தி முழுவதும் வற்றியது.