அதிரினலின் வாங்கிகள்: ஒரு கருத்தின் தாமதம் பற்றிய வரலாற்றுக் குறிப்பு

மருந்துகளின் வரலாற்றை எழுதப் புகுவோரிடையே இரு போக்குகளை நாம் காண்கின்றோம். ஒவ்வொரு மருந்தையும் மேதையொருவரின் தனிப் படைப்பாகக் கொள்வது ஒன்று. எல்லாவற்றையும் கம்பனிகளின் மூலதனக் கணக்குக்குள் அடக்கிவிடுவது மற்றையது. அதிரினலின் வாங்கிகள்மீது தொழிற்படும் மருந்துகளின் வரலாறு இவ்விரண்டினுள்ளும் அடங்குவதன்று. அதன் நடுவே நாற்பதாண்டுத் தாமதம் ஒன்று கிடக்கின்றது. அது ஏன் நேர்ந்தது என்பதே எமது வினா.

அதிரினல் சுரப்பியின் சாறு விலங்குகளின் குருதியமுக்கத்தை விரைந்து உயர்த்தும் என்பதை ஒலிவரும் ஷேபரும் 1894 அளவில் இலண்டனிற் காட்டினர். சில ஆண்டுகளில் தக்காமினே அதன் செயற்படு பொருளைப் பிரித்தெடுத்தார்; பார்க்-டேவிஸ் கம்பனி அதனைச் சந்தைக்குக் கொணர்ந்தது. பொருள் ஒன்று, விளைவோ பல. தோலின் குருதிக்கலன்கள் சுருங்கும், மூச்சுக்குழாய்கள் விரியும், இதயத் துடிப்பு விரைவுறும், குடல் தளரும். ஒரே பொருள் ஓரிடத்திற் சுருக்கவும் வேறோரிடத்தில் தளர்த்தவும் வல்லதாயின், வேறுபாடு அப்பொருளில் அன்று, அதனை ஏற்கும் கலத்திலேயே இருத்தல் வேண்டும். கேம்பிரிட்ஜில் லாங்லி 1905 இல் இவ்வாறே கருதினார். கலத்தினுள் மருந்தை ஏற்கும் பொருளொன்று உண்டு என்பது அவர் கூற்று. வாங்கி என்று நாம் இன்று வழங்குவது அதனையே.

அடுத்த ஆண்டிலேயே இதற்கு வலுவான சான்று கிடைத்தது. வெல்கம் கம்பனியின் ஆய்வுகூடத்தில் ஹென்றி டேல், றை தானியத்தைப் பற்றும் ஏகொட் என்னும் பூஞ்சணத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். தொழிற்சாலையிலிருந்து தரச் சோதனைக்கென வந்த அதிரினல் சாற்றினை, ஏகொட் ஏற்கெனவே செலுத்தப்பட்டிருந்த பூனையொன்றுக்கு அவர் செலுத்தினார். குருதியமுக்கம் உயரவில்லை, தாழ்ந்தது. சாறு பழுதானது என்றே அவர் முதலில் முடிவு செய்தார். அதே தவறு மீண்டும் நேர்ந்த பின்னரே உண்மை புலனாயிற்று. ஏகொட் அதிரினலினின் சுருக்கும் விளைவை மட்டும் தடுத்திருந்தது. தடையுறாத தளர்த்தும் விளைவு மேலோங்கியது. (இவ்வாய்வினை வெளியிடுகையில் 'அதிரினலின்' என்ற சொல்லை ஆளலாமா என்பது குறித்து டேலுக்கும் கம்பனி உரிமையாளருக்குமிடையே பிணக்கு எழுந்தது. அச்சொல் போட்டிக் கம்பனியின் வணிகப் பெயரை ஒத்திருந்ததே காரணம். டேல் விட்டுக்கொடுக்கவில்லை.) ஆயினும், வாங்கி என்னும் கருத்தினை டேல் ஐயத்துடனேயே நோக்கினார். கண்ணுக்குப் புலனாகாத ஒன்றுக்குப் பெயரிடுவது விளக்கமாகாது என்பது அவர் நிலை. அவ்வையம் நேர்மையானதே, அவருடைய பெருமதிப்பு அதற்குத் தந்த பாரமே தீங்கு விளைத்தது என்பது எமது கருத்து.

1933 இல் ஹாவாட்டிலிருந்து கனனும் றோசன்புளூத்தும் வேறொரு விளக்கத்தை முன்வைத்தனர். பரிவு நரம்புகள் தூண்டப்படுகையில் இருவகைச் சிம்பதின்கள் உண்டாகின்றன, ஒன்று தூண்டும், மற்றது தடுக்கும் என்றனர். கனனின் பெயருக்கு முன்னால் மறுப்புக் கூறத் துணிந்தோர் சிலரே.

ஜோர்ஜியா மாநிலத்தின் ஓகஸ்ராவில், பெரும் ஆய்வுமையங்களிலிருந்து விலகியிருந்த மருத்துவக் கல்லூரியொன்றில், றேமண்ட் ஆல்குவிஸ்ட் மாதவிடாய் நோவுக்குக் கருப்பையைத் தளர்த்தும் மருந்தொன்றைத் தேடிக்கொண்டிருந்தார். ஒன்றோடொன்று உறவுடைய சில அமீன்களைப் பல உறுப்புகளில் ஒப்பிட்டபோது, அவற்றின் வலிமை இரண்டே வரிசைகளில் அமைந்ததை அவர் கண்டார். குருதிக்கலன்களைச் சுருக்குவதில் அதிரினலின் முதலிடத்திலும் ஐசோபிரெனலின் கடையிலும் நின்றன. அவற்றை விரிப்பதில் ஐசோபிரெனலினே முதலிடம் பெற்றது. இதயத்தைத் தூண்டுவதும் இந்த இரண்டாம் வரிசையிலேயே அடங்கியமைதான் திருப்புமுனை. தூண்டல், தடுத்தல் என்ற பழைய பிரிவு இதனால் உடைந்தது. அல்பா, பீற்றா என இருவகை வாங்கிகள் எனும் பிரிவு அதனிடத்தைப் பெற்றது. மருந்தியற் சஞ்சிகை அக்கட்டுரையை நிராகரித்தது. 1948 இல் உடற்றொழிலியற் சஞ்சிகையொன்றில் அது வெளிவந்தமைக்கு ஹமில்ரன் என்னும் அறிஞருடன் தமக்கிருந்த நட்பே காரணம் என ஆல்குவிஸ்டே பின்னர் கூறினார். வெளிவந்த பின்னரும் அதனைப் பொருட்படுத்தியோர் மிகச் சிலர்.

1954 இல் வெளியான பாடநூலொன்றில் ஆல்குவிஸ்ட் எழுதிய அத்தியாயத்தை ஸ்கொட்லாந்தில் ஜேம்ஸ் பிளாக் படித்தார். அடைபட்ட நாடிகளை விரித்து இதயத்துக்கு ஒட்சிசனை மிகுவிக்கவே அக்கால மருத்துவர் முயன்றனர். இதயத்தின் ஒட்சிசன் தேவையையே குறைத்தால் என்ன என்று பிளாக் வினவினார். 1958 இல் அவர் ஐ.சி.ஐ. கம்பனியிற் சேர்ந்தார். முதலில் உருவான புரொனெதலோல் எலிகளிற் புற்றுக்கட்டிகளைத் தோற்றுவித்தமையாற் கைவிடப்பட்டது. 1964 இல் பிரொப்பிரனலோல் அறிவிக்கப்பட்டது. நெஞ்சுவலியாற் சில அடிகள்தானும் நடக்க இயலாதிருந்த பலருக்கு அது நடமாட்டத்தை மீட்டுத் தந்தது. கம்பனியின் பணமின்றி இது நிகழ்ந்திராது என்பது மெய்; அப்பணம் வாங்கிய கருத்து, இலாபம் எதிர்பாராத கல்லூரியொன்றில் விளைந்தது என்பதும் மெய்.

ஆனால் பீற்றா வாங்கிகள் இதயத்தில் மட்டுமன்றி மூச்சுக்குழாயிலும் உள்ளன. எனவே பிரொப்பிரனலோல் தொய்வு நோயாளரின் மூச்சுக்குழாயை ஆபத்தாகச் சுருக்கக் கூடியது. மறுபுறத்தில், மூச்சுக்குழாயை விரிக்கவென உள்ளிழுக்கப்பட்ட ஐசோபிரெனலின் இதயத்தையும் விரட்டியது. 1960 களில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும், சிறப்பாக இளையோரிடையே, தொய்வினால் நேர்ந்த மரணங்கள் திடீரெனப் பெருகின. ஐசோபிரெனலின் தெளிகருவிகள் அப்போது மருத்துவர் சீட்டின்றியே விற்கப்பட்டன. செறிவு மிகுந்த வகையொன்றும் சில நாடுகளிற் சந்தையில் இருந்தது. 1967 இல் எச்சரிக்கை விடுக்கப்பட்டது, 1968 இற் சீட்டு கட்டாயமாக்கப்பட்டது, மரணங்கள் குறைந்தன. மருந்தின் நேரடி நச்சா, அது தந்த தற்காலிக ஆறுதலை நம்பி மருத்துவரை நாடப் பிந்தியமையா காரணம் என்ற வாதம் முற்றாகத் தீர்ந்திலது. விற்பனை தடையின்றி நடந்த அதே காலத்தில், 1967 இல், லான்ஸும் அவர்தம் குழுவினரும் பீற்றா வாங்கிகளையே இரண்டாகப் பிரித்துக் காட்டினர்: இதயத்தில் மேலோங்குவது ஒன்று, மூச்சுக்குழாயில் மேலோங்குவது மற்றொன்று. இரண்டாவதனையே பெரிதும் நாடும் சல்பியூற்றமோல் 1969 இற் பாவனைக்கு வந்தது.