பென் ஏ மலையில் ஒரு லங்காஸ்டர்

ஸ்காட்லாந்தின் டோரிடன் பக்கம் வரும் நண்பர்களிடம் நான் சொல்வது இதுதான்: பென் ஏ மலைக்குப் பின்னால் இருக்கும் ஏரியைப் பார்த்ததோடு திரும்பிவிடாதீர்கள். ஏரிக்கு மேலே மூன்று பெரும் பாறைத் தூண்கள் நிற்கும். அடிப்பகுதி செம்மணற்கல், மேல்பகுதி வெளிறிய குவார்ட்சைட். வலதுகோடித் தூணை ஒட்டிய பிளவிலும் அதன் அடிவாரத்திலும் விமானத் துண்டுகள் இன்னும் கிடக்கின்றன.

1951 மார்ச் 13 மாலை, பிரிட்டிஷ் விமானப்படையின் கின்லாஸ் தளத்திலிருந்து 120ஆவது ஸ்குவாட்ரனின் லங்காஸ்டர் விமானம் எட்டுப் பேருடன் கிளம்பியது. போருக்காகக் குண்டுவீசப் பிறந்த விமானத்துக்கு அப்போது கடல் ரோந்து வேலை. அன்றைய பயிற்சி, இரவில் வழி பிசகாமல் ராக்கால், ஃபேரோ தீவுகள் பக்கம் போய்த் திரும்புவது. நள்ளிரவு தாண்டி ஏறக்குறைய ஒன்றரை மணிக்கு, கேப் ராத் முனைக்கு வடக்கே சுமார் 60 மைலில் இருப்பதாகச் சொன்னார்கள். பிறகு பேச்சே இல்லை.

அந்தக் காலத்து நேவிகேட்டரின் பிழைப்பே கணக்குதான். வேகம், திசை, கடந்த நேரம், இவற்றோடு காற்று எவ்வளவு தள்ளியிருக்கும் என்ற ஊகம். கீழே கரையோ விளக்கோ தென்பட்டால் பிழையைத் திருத்திக்கொள்ளலாம். பனிப்புயல் இரவில் எது தென்படும்? உச்சி விளிம்புக்குச் சில அடி கீழே விமானம் பாறையில் மோதியது. எட்டுப் பேரும் இறந்தார்கள்.

இடம் தெரியவே இரண்டு நாளுக்கு மேல் ஆனது. தெரிந்த பிறகும் எட்ட முடியவில்லை. பிளவு முழுக்கப் பனியும் உறைபனியும். வந்தவர்கள் விமானப்படையின் மலைமீட்புக் குழுவினர். தளத்தில் ஆளுக்கொரு வேலை பார்த்துக்கொண்டு, விரும்பி இதில் சேர்ந்தவர்கள். மன உறுதிக்குக் குறைவில்லை. அப்படிப்பட்ட பாறையில் குளிர்காலத்தில் ஏறுவதற்கான பயிற்சியையும் கருவிகளையும்தான் யாரும் கொடுத்திருக்கவில்லை. ராயல் மரீன் அதிகாரி மைக் பேங்க்ஸ் போன்ற தேர்ந்த மலையேறிகளின் உதவி தேவைப்பட்டது. கடைசி உடலைக் கீழே கொண்டுவரும்போது ஆகஸ்ட் முடியப்போகிறது.

எனக்கு உறுத்துவது இதுதான். இந்தக் குழுக்கள் பிறந்ததே பயிற்சி விமானங்கள் மலையில் மோதியதால். போர்க்காலத்தில் வட வேல்ஸின் லாண்டூரோக் தளத்தைச் சுற்றிய மலைகளில் விமானங்கள் அடுத்தடுத்து விழுந்தன. தளத்து மருத்துவர் ஜார்ஜ் கிரஹாம் ஆட்களைச் சேர்த்து மலையேறப் பழக்கினார்; 1943இல் படையே அதை முறையான சேவையாக ஏற்றது. எட்டு ஆண்டுக்குள் அந்தப் பாடம் கைநழுவிப்போயிருந்தது. போர் முடிந்ததும் தேர்ந்தவர்கள் வீடு திரும்பினார்கள். பெயர்ப்பலகை மட்டும் மிஞ்சியது என்பேன்.

பென் ஏ விபத்துக்குப் பிறகு அதிகாரிகள் விழித்துக்கொண்டார்கள். குளிர்கால மலையேற்றம் முறையாகக் கற்பிக்கப்பட்டது, கருவிகள் வந்தன. கின்லாஸ் இப்போது தரைப்படையிடம். அங்கிருந்த மீட்புக் குழு 2012இல் லாஸிமவுத்துக்கு மாறியது. அவர்களைக் கூப்பிடுவது இன்று பெரும்பாலும் விமானிகள் அல்ல, என்னைப் போல ஆசைக்கு மலையேற வந்து மாட்டிக்கொள்கிறவர்கள்.