நாகரிகங்களின் எழுச்சியும் வீழ்ச்சியும்: சேரியிலிருந்து ஒரு வாசிப்பு

திண்டிவனத்திற்கு மேற்கே செஞ்சிக்கோட்டை நிற்கிறது. நாயக்கர்களிடமிருந்து 1649இல் பீஜப்பூர் சுல்தானியம் அதனைக் கைப்பற்றியது. 1677இல் சிவாஜியும் 1698இல் முகலாயரும் 1750இல் பிரெஞ்சுக்காரரும் 1761இல் ஆங்கிலேயரும் அதனை வென்றனர். அரசுகளின் எழுச்சிக்கும் வீழ்ச்சிக்கும் விழுப்புரம் மாவட்டத்தில் இதைவிடத் தெளிவான சான்று வேறில்லை. எனினும் இத்தனை கொடிகள் மாறியும் ஊருக்கும் சேரிக்கும் இடையிலான எல்லை அழியவில்லை. நாகரிகக் கோட்பாடுகள் இவ்வெல்லையை எவ்வாறு விளக்குகின்றன என்பதே நம் கேள்வி.

வட ஆப்பிரிக்க அறிஞர் இப்னு கல்தூன் 1377இல் எழுதிய ‘முகத்திமா’வில், குழு ஒற்றுமையே ஆட்சியைப் பிறப்பிக்கிறது என்றார், நகர வாழ்வின் சுகபோகத்தில் அவ்வொற்றுமை தளர்ந்து, சில தலைமுறைகளுக்குள் வம்சம் வீழ்கிறது. ஜெர்மானியரான ஓஸ்வால்ட் ஸ்பெங்லர் ‘மேற்குலகின் வீழ்ச்சி’ (1918, 1922) நூலில், பண்பாடுகள் உயிரினங்களைப் போலப் பிறந்து, முதிர்ந்து, மடிகின்றன என்றார். பிரிட்டனின் அர்னால்ட் டாயின்பி 1934 முதல் 1961 வரை 12 தொகுதிகளாக வெளியிட்ட ஆய்வில் வேறொரு விளக்கம் தந்தார். சவால்களுக்கு விடை காணும் படைப்பாற்றல் மிக்க சிறுபான்மையினர் நாகரிகத்தை வளர்க்கின்றனர். அத்திறனை இழந்து, வலிமையால் மட்டும் ஆளும் ஆதிக்கச் சிறுபான்மையாக அவர்கள் மாறும்போது அது சிதைகிறது. சமூகத்திற்குள் வாழ்ந்தும் அதில் பங்கு மறுக்கப்பட்டோரை அவர் ‘அகப் பாட்டாளிகள்’ என்றார்.

இச்சொல் சேரிக்கு நெருங்கி வருகிறது. ஆனால் டாயின்பியின் திட்டத்தில் இப்பிரிவினர் வீழ்ச்சிக் காலத்தில்தான் உருவாகின்றனர். தமிழக வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது. பொற்காலம் எனப் போற்றப்படும் முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளில், வரி நீக்கப்பட்ட நிலங்களின் பட்டியலிலேயே ‘பறைச்சேரி’, ‘தீண்டாச்சேரி’ ஆகிய சொற்கள் உள்ளன. பேரரசு உச்சத்தில் இருந்தபோதே விலக்கல் கல்லில் பொறிக்கப்பட்டுவிட்டது.

இந்த இடைவெளியை நிரப்பியவர்கள் அயோத்திதாசப் பண்டிதரும் அண்ணல் அம்பேத்கரும் ஆவர். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கிய பண்டிதர், தாழ்த்தப்பட்டோர் முன்னாளில் பௌத்தர்களாக இருந்தனர் என்றும், பௌத்தம் வீழ்த்தப்பட்டபோதே அவர்கள் இழிவுபடுத்தப்பட்டனர் என்றும் எழுதினார். அம்பேத்கர், 1948இல் வெளியான ‘தீண்டப்படாதவர்கள்’ நூலில், சிதறுண்ட மக்கள் ஊருக்கு வெளியே குடியேறியவர்கள் என்றும், பௌத்தத்தைக் கைவிடாததும் மாட்டிறைச்சி உண்டதும் அவர்களைத் தீண்டத்தகாதோராக்கின என்றும் வாதிட்டார். பண்டைய இந்திய வரலாற்றை அவர் பௌத்தப் புரட்சிக்கும் பார்ப்பனிய எதிர்ப்புரட்சிக்கும் இடையிலான போராட்டமாகக் கண்டார். இக்கருதுகோள்கள் மீது ஆய்வாளர்களிடையே விவாதம் உண்டு. ஆயினும் அவர்கள் எழுப்பிய கேள்வி அசைக்க முடியாதது: எழுச்சி என்றால் யாருடைய எழுச்சி? வீழ்ச்சி என்றால் யார் வீழ்த்தப்பட்டனர்?

இக்கேள்வி விழுப்புரத்தில் பழங்கதையன்று. 1978 ஜூலையில் விழுப்புரம் நகரில் 12 தலித்துகள் படுகொலை செய்யப்பட்டனர். அப்போது மன்னராட்சியும் இல்லை, அந்நிய ஆட்சியும் இல்லை; தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்து 28 ஆண்டுகள் கடந்திருந்தன. 2023இல் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித்துகள் நுழைவதற்கு எதிர்ப்பு எழுந்து, அதிகாரிகள் கோயிலைப் பூட்டி முத்திரையிட்டனர். உயர் நீதிமன்ற ஆணையால் 2024இல் கோயில் திறக்கப்பட்டது. தலித் மக்கள் உள்ளே சென்று வழிபட 2025 வரை காத்திருக்க நேர்ந்தது, அதுவும் காவல்துறைப் பாதுகாப்புடன்.

ஆகவே மாணவர்களும் களப்பணியாளர்களும் நாகரிகக் கோட்பாடுகளைக் கற்கும்போது ஓர் அளவுகோலைக் கைக்கொள்ள வேண்டும் என்கிறோம். கோட்டையின் உயரமும் பேரரசின் பரப்பும் நாகரிகத்தை அளக்கப் போதா. ஊர்–சேரி எல்லை எந்த அளவுக்குத் தேய்ந்தது என்பதே அதன் அளவு. அவ்வளவுகோலில் செஞ்சியை வென்ற எந்த ஆட்சியும் எழவில்லை. மேல்பாதியில் வாசல் கடந்த மக்களின் அடிகளையே நாம் எழுச்சியின் கணக்கில் சேர்க்கிறோம்.